பிடித்தம்

நிமிடத்துக்கு ஆறு வெள்ளி.
ஈசூன் வீட்டில், மூங்கில் கழியில் துணி சொட்டிக்கொண்டிருக்க
ஓர் ஆவணப்படத்துக்கு ஆங்கில சப்டைட்டில் எழுதுகிறேன்.
பேச்சில்லாத நிமிடங்களுக்குக் காசில்லை
என்கிறது ஒப்பந்தத்தின் நான்காவது பத்தி.

படத்தில் சேவுகப்பெருமாள் அதிகம் பேசமாட்டார்.
துவாஸில், சாரத்தின் ஒன்பதாம் தட்டில் நின்று
ஸ்பேனரால் கிளாம்பை முடுக்குகிறார்.
முப்பத்தெட்டு வினாடி.
எனக்கு நஷ்டம்.

பிறகு கட்டிலில் உட்கார்ந்து
சம்பளச் சீட்டைக் கேமராவிடம் நீட்டுகிறார்:
"தங்குறதுக்குப் பிடித்தம். சோத்துக்குப் பிடித்தம்.
இந்த பூட்ஸுக்கு, பாருங்க, ரெண்டு தடவ பிடித்தம்."
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபடி,
"எம்மேல அம்புட்டுப் பிடித்தம் கம்பெனிக்கு."
சிரிக்கிறார். முன்பல் ஒன்று இல்லை.

அங்கே நிறுத்திவிட்டேன்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்துதான் இடம்.
ஆங்கிலத்தில் காசைக் கழிப்பதற்கு ஒரு சொல்,
ஆளைப் பிடித்துப்போவதற்கு வேறொரு சொல்,
இரண்டுக்கும் ஏழு ஜென்மத்துக்கும் உறவில்லை.
மைலோ கலக்கிக் குடித்தேன்.
மழை வந்து துணியை உள்ளே எடுத்தேன்.
விடியற்காலை ஒன்றே முக்காலுக்கு
'நிறையக் கழிக்கிறார்கள்' என்று எழுதி
அனுப்பிவிட்டேன்.

பீச் ரோட்டில் திரையிடல். எலும்பு நடுங்கும் ஏர்கான்.
கடைசி வரிசையில் சேவுகப்பெருமாளும்
அவர் அறைக்காரர்கள் நாலு பேரும்,
ஐந்து பேர் நெற்றியிலும் ஹெல்மெட் கோடு.

அவர் வாக்கியத்தை முடிக்கும் முன்னரே
படிக்கிறவர்கள் சிரித்து முடித்தார்கள்.
கேட்கிறவர்கள் காத்திருந்தார்கள்.
அந்த இடம் வந்தபோது மட்டும்
முன்வரிசைகள் உறைந்திருக்க
பின்வரிசை வெடித்துச் சிரித்தது,
ஒருவருக்குப் புரையேறி, இன்னொருவர் தலையில் தட்டி.
கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்
டிஷ்யூவோடு திரும்பிப் பார்த்தார்:
சம்பளத்தைக் கழித்ததற்கு யார் சிரிப்பது?
நான் இருக்கைக்குள் இன்னும் கொஞ்சம் புதைந்தேன்.

விளக்கு போட்டார்கள்.
நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டார் ஒருவர்.
பார்த்தபோது உங்களுக்கு எப்படி இருந்தது என்றார் மற்றொருவர்.
மைக் என்னிடமும் ஒன்று, மொழிபெயர்க்க.
(அதற்குக் காசு பேசவில்லை. நான் கேட்கவுமில்லை.)

சேவுகப்பெருமாள் தொண்டையைச் செருமினார்.
"மூணு ஞாயித்துக்கெழம படம் எடுத்தாங்க.
காலையில ஏழு மணிக்கு வந்து
நடங்க, திரும்ப நடங்க, படியேறுங்கன்னாங்க.
லீவு நாள்ல கூப்பிட்டு வேல வாங்குனா
ரெட்டைச் சம்பளம்னு சட்டம் இருக்காம்.
அது இதுக்கும் சேருமான்னு கேட்டுச் சொல்லுங்க."

இம்முறை ஒரு சொல்கூட நான் கழிக்கவில்லை.
அரங்கம் குலுங்கிச் சிரித்தது.
இயக்குநர் அவர் தோளைத் தட்டிச் சிரித்தார்,
நல்ல பிள்ளைதான், இரண்டு வருடக் கடனில் எடுத்த படம்.
சேவுகப்பெருமாள் சிரிக்கவில்லை.
மைக்கை இரண்டு கையாலும் பிடித்தபடி
பதிலுக்காக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தரைக்கு லாரி.
கார் நிறுத்துமிடத்தின் பின்பக்கம் ஐவரும் ஏறினார்கள்.
தின்னாத கறிபஃப்களை யாரோ பெட்டியோடு கொடுத்தார்கள்.
அவர் கையசைத்தாரா, தார்ப்பாயை இழுத்துவிட்டாரா,
தெரியவில்லை.

ஏழு வாரம் கழித்து எனக்குப் பணம் வந்தது.
எழுபத்தொரு நிமிடப் படம், நானூற்றி இருபத்தாறு வெள்ளி.
பேச்சில்லாத பத்தொன்பது நிமிடத்துக்குப்
பிடித்தம் நூற்றுப் பதினான்கு.

மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன்.
அந்தப் பத்தொன்பது நிமிடமும்
அவர் வேலை செய்துகொண்டிருக்கிறார்.